வகுப்பறைக்குள் மலை, ஆறு, சூரியன்: புவியியல் கருத்துகளைச் செய்துகாட்டிக் கற்பிக்கும் முறைகள்

புவியியலில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான். மேடும் பள்ளமுமாக இருப்பதைத் தாளில் தட்டையாகப் பார்க்கும்போது. கற்பனைக்கு எட்டாத பெரிய அளவுகளைக் கையளவுப் படமாகப் பார்க்கும்போது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்ததை ஓர் அம்புக்குறியில் பார்க்கும்போது. வகுப்பறை மாதிரிகள் இந்த மூன்று இடங்களில்தான் கைகொடுக்கின்றன. ஆறுகளின் பெயர்களையோ தலைநகரங்களையோ மனப்பாடம் செய்ய மாதிரி தேவையில்லை. அதற்கு நேரத்தைச் செலவிடாதீர்கள்.

எந்தச் செயல்பாட்டுக்கும் இந்த வரிசை பொருந்தும். முதலில் மாணவர்கள் "என்ன நடக்கும்" என்று தங்கள் கணிப்பை எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது. முதலில் சொன்னவரின் பதிலையே எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து, செயல்பாட்டில் எதையாவது அளக்க வேண்டும். பிறகு உண்மையான நிலவரைபடத்துக்கோ தரவுக்கோ திரும்பி, அங்கேயும் அதே விஷயம் தெரிகிறதா என்று தேட வேண்டும். கடைசியாக, இந்த மாதிரி எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று கேட்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். எல்லா மாதிரியும் ஏதாவது ஓரிடத்தில் பொய் சொல்லும். அதை ஆசிரியர் சொல்லாவிட்டால் மாணவர்கள் பாடத்தோடு அந்தப் பொய்யையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

அளவை: வகுப்பறையையே வரைதல்

அளவையை அறிமுகப்படுத்த உலக வரைபடம் தோதானதல்ல. வகுப்பறையை அளந்து வரைய வையுங்கள். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள அறை 1:50 அளவையில் (படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 50 செ.மீ.) 16 × 12 செ.மீ. ஆகும், ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். அதே அறையை 1:20-இல் வரைந்தால் 40 × 30 செ.மீ.; அதற்குச் சார்ட் பேப்பர் வேண்டும். இரண்டையும் வரையச் செய்து அருகருகே மாட்டுங்கள். பின்னத்தின் கீழே உள்ள எண் சிறிதானால் படம் பெரிதாகிறது, விவரமும் கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தபின் "பெரிய அளவை, சிறிய அளவை" குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்து ஒரு சிறு சோதனை. வரைந்த படத்தில் "1:50" என்றும் எழுதுங்கள்; கோட்டு அளவையும் (தரையின் தூரங்களைக் குறித்த ஒரு கோடு) போடுங்கள். பிறகு அதை ஜெராக்ஸில் 150 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். எண் இப்போது தவறாகிவிட்டது. கோட்டு அளவை மட்டும் படத்தோடு சேர்ந்து வளர்ந்திருப்பதால் சரியாகவே இருக்கிறது. வரைபடங்களில் இரண்டையும் ஏன் தருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சம உயரக் கோடுகள்: தண்ணீரில் நிற்கும் மலை

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை நிலவரைபடத்தில் இணைப்பவை சம உயரக் கோடுகள். இதற்கு ஒரு முழுப் பாடவேளையும், அடுத்த வகுப்பில் பாதியும் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் கோடு மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு குழுவுக்குத் தேவை: உட்புறம் ஏறத்தாழ 25 × 18 செ.மீ., உயரம் 10 செ.மீ.க்குக் குறையாத ஒளி ஊடுருவும் பெட்டி, தட்டையான தெளிந்த மூடியுடன், தண்ணீரில் கரையாத வண்ணக் களிமண் ஒரு கிலோ, ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்று, அழியாத மை கொண்ட மார்க்கர், பல்குச்சி, மெல்லிய தூண்டில் நரம்பு, இரண்டு நீண்ட மூங்கில் குச்சிகள், தண்ணீரில் கலக்கச் சில துளி மை. சாதாரணக் களிமண் வேண்டாம்; நான்காவது சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றுவதற்குள் கலங்கி, கரை தெரியாமல் போகும்.

மலையின் வடிவத்தை மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டால் பெரும்பாலும் கூம்பு செய்வார்கள். கூம்பிலிருந்து வட்டம் வரும். வட்டத்திலிருந்து கற்க ஒன்றுமில்லை. இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: 8 செ.மீ. உயரத்தில் ஒரு சிகரம், 6 செ.மீ.யில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே 4 செ.மீ.யில் தாழ்ந்த கணவாய். ஒரு பக்கம் செங்குத்து, எதிர்ப்பக்கம் மெல்லிய சரிவு. மெல்லிய சரிவில் விரலால் மேலிருந்து கீழாக ஓர் ஓடைப் பள்ளம். அதை ஒட்டி ஒரு புடைப்பு.

பெட்டியின் வெளிப்புறத்தில் அடியிலிருந்து 1 செ.மீ. இடைவெளியில் குறியிடுங்கள். முதல் குறிவரை தண்ணீர் ஊற்றி, மலையைச் சுற்றித் தண்ணீர் தொடும் விளிம்பைப் பல்குச்சியால் கீறுங்கள். பிறகு மூடியை வைத்து, அதன்மேல் ஷீட்டை ஒட்டி, அதே விளிம்பை மார்க்கரால் வரையுங்கள். இரண்டாவது குறிவரை ஊற்றி மீண்டும் அதே வேலை. இப்படியே 7 செ.மீ. வரை செல்லலாம். ஊற்றும் தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்தால் சரிவராது. மேலே போகப்போக மலை அடைக்கும் இடம் குறைவதால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வேறு அளவு தேவைப்படும். பெட்டியின் குறியை மட்டும் நம்புங்கள்.

வழக்கமாகக் கெடும் இடம் பார்வைக் கோணம்தான். மாணவர் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தபடி வரைந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டவே கூடாது; ஓரிடத்தில் ஒரே உயரம்தான் இருக்க முடியும். ஆகவே வெட்டும் கோட்டைக் கண்டால் அழிக்கச் சொல்லுமுன் "இந்தப் புள்ளியின் உயரம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பார்த்தால் பிழை குறையும்.

துல்லியம் வேண்டுமானால் தண்ணீரை வடித்துவிட்டு மலையை வெட்டலாம். சிகரத்தின் அருகே இரு குச்சிகளைச் செங்குத்தாக அடிவரை குத்தி எடுங்கள். கீறிய கோடுகளின் வழியே நரம்பால் மேலிருந்து கீழாகத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டின் அடிவிளிம்பையும் தாளில் வரையுங்கள். இரு துளைகளும் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு புள்ளிகளின்மேல் அமர வேண்டும். துளை போட மறந்தால் எந்தத் துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இனி 1 செ.மீ. உயரம் 20 மீட்டர் என்று வைத்துக் கோடுகளுக்கு 20, 40, 60 என எழுதச் சொல்லுங்கள். கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்து என்பதை எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். உண்மையான சிக்கல் ஓடைக்கும் புடைப்புக்கும் இடையே உள்ளது: இரண்டிலும் கோடு கூராக வளையும். ஓடையில் அந்தக் கூர் மேட்டை நோக்கும், புடைப்பில் தாழ்வை நோக்கும். மலையைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் ஓடையைத் தடவியபடி படத்தைப் பார்த்தால் இது பிடிபடும். வரையறையை எத்தனை முறை எழுதினாலும் பிடிபடாது.

மாதிரியின் பொய்: கோடுகள் தண்ணீர்க் கறை என்றே சிலர் நினைத்துக்கொள்வார்கள். நிலத்தில் அப்படியொரு கோடு கிடையாது என்று சொல்லுங்கள். இன்னொன்று, கிடைமட்டத்தில் 1 செ.மீ.க்கு 100 மீட்டரும் உயரத்தில் 1 செ.மீ.க்கு 20 மீட்டரும் எடுத்தால், மலையை 5 மடங்கு உயர்த்திக் காட்டியிருக்கிறோம். அந்த 5-ஐ அவர்களே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும்.

உருண்டையைத் தட்டையாக்குதல்

ஆரஞ்சுப் பழத்தின் தோலில் கண்டங்களை வரைந்து, உரித்துத் தட்டையாக்கச் சொல்லும் செயல்பாடு பலருக்கும் தெரிந்ததே. தோல் கிழியும் என்பதோடு அது நின்றுவிடக் கூடாது. நிலவரைபட வல்லுநர் மெர்கேட்டர் 1569-இல் வெளியிட்ட கோட்டுச்சட்டம் (உருண்டையைத் தாளுக்கு மாற்றும் முறை) கிழிசலைத் தவிர்க்கிறது. ஆனால் துருவத்தை நோக்கிப் போகப்போகப் பரப்பை ஊதிவிடுகிறது. டிரேசிங் தாளை உலக உருண்டையின்மேல் வைத்துக் கிரீன்லாந்தை வரைந்து, அதை வெட்டி உருண்டையில் உள்ள ஆப்பிரிக்காவின்மேல் வைத்துப் பார்க்கட்டும். ஏறத்தாழ 14 கிரீன்லாந்துகள் உள்ளே அடங்கும். பிறகு மெர்கேட்டர் சுவர்ப்படத்தில் இரண்டையும் பார்க்கட்டும். கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரியும். "இது தவறான படம்" என்று முடித்துவிடாதீர்கள். கோணங்களைச் சரியாகக் காப்பதால்தான் மாலுமிகள் அதை விரும்பினார்கள். எதையாவது காக்க வேறொன்றை இழந்தே ஆக வேண்டும்.

பருவகாலங்கள்: அச்சைத் திருப்பாமல் நடக்க வேண்டும்

"கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது" என்ற தவறான எண்ணம் எளிதில் போகாது. முதலில் தரவை வையுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கி.மீ.யில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வட அரைக்கோளத்தின் கோடை எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

இப்போது டார்ச். அதன் முகப்பில் கறுப்புத் தாளால் 10 செ.மீ. நீளக் குழாய் பொருத்துங்கள். இல்லாவிட்டால் ஒளி சிதறி விளிம்பு தெரியாது. கிராஃப் தாளிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் நேர் மேலிருந்து ஒளியை விழச் செய்து, ஒளிவட்டத்தில் அடங்கும் சதுரங்களை எண்ணுங்கள். பிறகு தூரத்தை மாற்றாமல் டார்ச்சைச் சாய்த்து, தாளுக்கும் ஒளிக்கும் இடையே 30° வரும்படி பிடியுங்கள். சதுரங்கள் ஏறத்தாழ இரு மடங்காகும். அதே ஒளி இரு மடங்குப் பரப்பில் விரிந்தால் ஒரு சதுரத்துக்குக் கிடைப்பது பாதி.

அடுத்து அறையை இருட்டாக்கி, நடுவில் நிழல்மூடி இல்லாத ஒரு பல்பை உருண்டையின் மையத்தின் உயரத்துக்கு வையுங்கள். தரையில் நான்கு திசைகளில் நான்கு நிலையங்கள். ஒருவர் 23.5° சாய்ந்த உருண்டையை ஏந்திப் பல்பைச் சுற்றி நடக்க வேண்டும். செயல்பாடு கெடுவது இங்கேதான்: நடப்பவர் தம் உடலோடு சேர்த்து உருண்டையையும் திருப்பிவிடுவார். அப்போது அச்சு எப்போதும் பல்பை நோக்கியே சாய்ந்திருக்கும், பருவமே மாறாது. சுவரில் உயரமான இடத்தில் ஒரு தாளை ஒட்டி, வட துருவம் எந்த நிலையத்திலும் அந்தத் தாளையே நோக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நடப்பவரைக் கண்காணிக்க இன்னொரு மாணவரை நிறுத்துவது நல்லது.

ஒவ்வொரு நிலையத்திலும் 50° வட அட்சக்கோட்டின் வழியே வெளிச்சத்தில் உள்ள தீர்க்கக்கோடுகளை எண்ணட்டும். உருண்டையில் 15°க்கு ஒரு கோடு இருந்தால் ஒரு கோடு ஒரு மணி நேரம். துருவம் பல்பை நோக்கிச் சாய்ந்த நிலையத்தில் பகல் 16 மணி நேரத்தை ஒட்டியும், எதிர் நிலையத்தில் 8 மணி நேரத்தை ஒட்டியும் வர வேண்டும். வழக்கமாகச் சற்றுக் குறைவாகவே வரும். பல்பு மிக அருகில் இருப்பதால் உருண்டையில் பாதிக்கும் குறைவான பரப்பில்தான் ஒளி படுகிறது. பல்பை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

இந்த மாதிரி சொல்லும் பெரிய பொய் தொலைவைப் பற்றியது. பூமி 30 செ.மீ. உருண்டை என்றால் சூரியன் 33 மீட்டர் விட்டத்தில், ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். இதையும் வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்டுங்கள்.

நிழல் கம்பு

வெயில் உள்ள நாளில் சமதரையில் 1 மீட்டர் கம்பை நடுங்கள். தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தைச் சரிபாருங்கள். கம்பு சற்றே சாய்ந்திருந்தாலும் எல்லா அளவும் பிழையாகும். "நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் வடக்கு-தெற்கு தெரியும்" என்பது சரிதான். ஆனால் நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மிக மெதுவாகவே மாறுவதால் அந்த நொடியைப் பிடிக்க முடியாது. இன்னும் நல்ல வழி உண்டு. முற்பகலில் நிழலின் நுனி விழும் இடத்தைக் குறித்து, கம்பை மையமாக வைத்து அந்தப் புள்ளி வழியே வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு-மேற்கு; அதன் செங்குத்து இருசமவெட்டி வடக்கு-தெற்கு.

கடிகாரம் 12 காட்டும்போது நிழல் இந்தக் கோட்டில் விழாது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நாட்டின் திட்டநேரத் தீர்க்கக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் வேறுபடும். பூமியின் பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து ஆண்டில் 16 நிமிடம் வரை முன்பின் ஆக்கும். மார்ச் 20 அல்லது 21-இலும், செப்டம்பர் 22 அல்லது 23-இலும் இதைச் செய்தால் அட்சமே கிடைத்துவிடும். நண்பகல் நிழல் 58 செ.மீ. என்றால் அட்சம் 30°. முக்கோணவியல் தெரியாத வகுப்பானால் 10 செ.மீ. கம்பும் 5.8 செ.மீ. நிழலுமாகத் தாளில் முக்கோணம் வரைந்து, கம்பின் நுனியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளக்கட்டும்.

நிலமும் நீரும் சூடாகும் வேகம்

ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்கள், 5 செ.மீ. ஆழத்துக்கு ஒன்றில் உலர்ந்த மணல், மற்றதில் தண்ணீர். வெப்பமானியின் குமிழ் இரண்டிலும் 1 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். 15 நிமிடம் வெப்பம், 15 நிமிடம் ஆறுதல், நிமிடத்துக்கு ஒரு குறிப்பு, பிறகு வரைபடத்தாளில் இரண்டு கோடுகள். இது சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் எல்இடி பல்புதான். அது வெளிச்சம் தரும், மணலைச் சூடாக்காது. பழைய இழை பல்போ நேரடி வெயிலோ வேண்டும். குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை உடனே பயன்படுத்தாமல் ஒரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டு ஆரம்பித்தால்தான் இரண்டும் ஒரே வெப்பநிலையில் தொடங்கும்.

தரவுக்குத் திரும்ப ஒரு நல்ல ஜோடி: சைபீரியாவின் உள்ளே இருக்கும் வெர்கொயான்ஸ்க், நார்வே கடற்கரையில் உள்ள பூடோ. இரண்டும் ஏறத்தாழ 67° வடக்கில். ஜனவரிச் சராசரி முதலாவதில் சுமார் −45° செல்சியஸ், இரண்டாவதில் உறைநிலையை ஒட்டி. இந்த வித்தியாசம் முழுவதையும் கிண்ணத்துத் தண்ணீர் விளக்கிவிடாது. பூடோவுக்கு வெப்ப நீரோட்டமும் கைகொடுக்கிறது. கிண்ணத்தில் இல்லாத நீரோட்டம், அலை, ஆழம் ஆகியவற்றை மாணவர்களே பட்டியலிடட்டும்.

ஆற்றுத் தட்டு

60 × 40 செ.மீ. தட்டு, 8 செ.மீ. ஆழம். மேல் முக்கால் பங்கில் 5 செ.மீ. உயரத்துக்கு மணல், கீழ்க் கால் பங்கு காலியாக, அதுதான் கடல். மணலைப் பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு ஈரம் வேண்டும். காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி எங்கோ கீழே கசியும். அதிகம் நனைந்திருந்தால் மொத்தமும் சரியும். மேல் பக்கத்தை 3 செ.மீ. உயர்த்துங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் ஆறு வராது, ஒரே பள்ளம்தான் வரும். 2 மி.மீ. துளையிட்ட பாட்டிலிலிருந்து நிமிடத்துக்கு 150 முதல் 200 மி.லி. போதும். கடல் பகுதியில் சேரும் தண்ணீரைக் குவளையால் மொண்டு மட்டத்தை மாற்றாமல் வைக்க ஒருவரை நியமியுங்கள்.

விரலால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் ஓடை கீறி, நடுவில் ஒரு வளைவு கொடுங்கள். வளைவின் எந்தக் கரை அரிக்கும் என்று எழுதச் செய்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். இரு கரைகளிலும் வெவ்வேறு நிறம் ஏற்றிய மணலைச் சிறிது தூவினால், வெளிக்கரையின் நிறம் கீழே போய் எங்கே படிகிறது என்று கண்டுபிடிக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழிமுகத்தில் விசிறிபோல் டெல்டா விரியும். பிறகு வண்ணக் களிமண்ணால் ஓர் அணை கட்டிப் பாருங்கள். வண்டல் அணைக்குப் பின்னால் தேங்கும், டெல்டா வளர்வது நின்றுவிடும்.

அழகான பெரிய வளைவுகளையும் குருட்டு ஆற்றையும் (ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனித்து நிற்கும் வளைவு) காட்டுவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெறும் மணலுக்குக் கரையைப் பிடித்து நிறுத்தும் பசை கிடையாது. ஆறு வளைவதற்குப் பதில் பல கிளைகளாகப் பிரிந்து பின்னிக்கொள்ளும். இதையே பாடமாக்கலாம்: கரையில் களியும் வேரும் இருக்கும் ஆறுகள் ஏன் வளைகின்றன, மணலும் சரளையுமாக உள்ளவை ஏன் பின்னுகின்றன?

கண்டங்கள் நகர்தல்

கண்டங்களை வெட்டிப் பொருத்தும் புதிரில் கடற்கரையை விட, கண்டத்திட்டின் (கடலுக்கடியில் நீளும் கண்டப் பகுதி) விளிம்பில் வெட்டினால் தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் இன்னும் நன்றாகப் பொருந்தும். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை 1912-இல் ஜெர்மன் அறிவியலாளர் வெக்னர் முன்வைத்தபோது வடிவம் மட்டும் சான்றாக இருக்கவில்லை. மெசோசாரஸ் என்ற பழங்கால ஊர்வன போன்றவற்றின் புதைபடிவங்கள் இரு கண்டங்களிலும் கிடைத்திருந்தன. அவற்றையும் துண்டுகளில் குறியுங்கள். பிறகு கணக்கு: தென் அட்லாண்டிக்கில் 5,000 கி.மீ. அகலமுள்ள ஓரிடம், ஆண்டுக்கு 4 செ.மீ. விரிவு. விடை 12.5 கோடி ஆண்டுகள். தென் அட்லாண்டிக் திறந்த காலமாகச் சொல்லப்படுவதும் இதை ஒட்டியதே. ஜாமின்மேல் பிஸ்கட்டை நகர்த்திக் காட்டும் செய்முறை, கண்டங்களைச் சுமக்கும் புவித்தட்டுகள் திரவத்தில் மிதப்பதாக நினைக்க வைத்துவிடும். அவற்றின் அடியில் உள்ள கவசம் திடப்பாறை, மிக மெதுவாக நெகிழ்ந்து நகர்கிறது. அதைச் சொல்லாமல் அந்தச் செய்முறையைச் செய்யவே வேண்டாம்.

மக்கள்தொகை: தரையில் நிற்கும் உலகம்

40 மாணவர் என்றால் ஒருவர் 20 கோடிப் பேர். கண்டங்களைச் சுண்ணக்கட்டியால் தரையில் செவ்வகங்களாக வரையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 50 லட்சம் சதுர கி.மீ. ஆசியா 9 ச.மீ., ஆப்பிரிக்கா 6, வட அமெரிக்கா 5, தென் அமெரிக்கா 3.5, ஐரோப்பா 2, ஓசியானியா (ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும்) 1.7. மாணவர்களுக்கு எண்ணிக்கையைச் சொல்லாமல், அவர்களே ஊகித்து நிற்கட்டும். நின்றவர்களை எண்ணிக் கரும்பலகையில் எழுதிய பிறகு உண்மைக் கணக்குப்படி மாற்றி நிறுத்துங்கள்: ஆசியாவில் 24, ஆப்பிரிக்காவில் 7, ஐரோப்பாவில் 4, வட அமெரிக்காவில் 3, தென் அமெரிக்காவில் 2. ஓசியானியா காலி. அங்கே மனிதரே இல்லையா என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். சுமார் நாலரைக் கோடிப் பேர் இந்த அளவையில் முழு மாணவராக வரவில்லை, அவ்வளவுதான்.

கண்டச் சராசரியும் ஒரு பொய்யே. ஆசியாவின் 24 பேரில் இந்தியாவுக்கு 7, சீனாவுக்கு 7 எனப் பிரித்து, அந்த நாடுகளின் பரப்பையும் உள்ளே வரையுங்கள். சீனாவுக்கு ஏறத்தாழ 1.9 ச.மீ.; இந்தியாவுக்கு 80 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம்தான். ஏழு பேர் அதில் நின்று காட்டட்டும். ரஷ்யாவின் ஆசியப் பகுதிக்கு 2.6 ச.மீ.; அங்கே நிறுத்த ஒருவர்கூடக் கிடையாது.

வகுப்பில் 32 பேர் என்றால் ஒருவர் 25 கோடி. 19, 6, 3, 2, 2 என்று வரும். வேறு எண்ணிக்கையானால் 800 கோடியை மாணவர் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். செவ்வகங்களை வகுப்புக்கு முன்பே வரைந்துவிடுவது நல்லது. மாணவர்கள் நின்றபின் கோடு போட இடமிருக்காது.